நடுவழியில் நின்ற வண்டி யார் பொறுப்பு?

புது பைக்குக்குப் பணம் கட்டும்போது ஷோரூம் மேசையில் கடைசியாக நீட்டப்படும் காகிதங்களில் ஒன்று ‘ரோடுசைடு அசிஸ்டன்ஸ்’. வண்டி நடுவழியில் நின்றுவிட்டால் ஆள் வருவார், பஞ்சர் பார்ப்பார், அங்கேயே சரிசெய்ய முடியாவிட்டால் வண்டியை ஏற்றிக்கொண்டு போய் ஒர்க்‌ஷாப்பில் சேர்ப்பார் என்பது அதன் சாரம். சில நூறு ரூபாய் சமாசாரம்தானே என்று பலர் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறார்கள். மற்றவர்கள் படிக்காமலே வேண்டாம் என்கிறார்கள். இரு தரப்பும் அதை இன்சூரன்ஸின் வால்பகுதியாகவே பார்க்கிறது. மதுரையின் சாலை வரலாற்றைப் புரட்டினால் வேறொன்று தெரிகிறது. நின்ற வண்டிக்கான உதவி இந்த ஊரில் நெடுங்காலம் இன்சூரன்ஸாக இருந்ததில்லை. அது உழைப்பாக இருந்தது. முதலில் அந்த உழைப்பை பஸ் முதலாளி ஏற்றுக்கொண்டார். பிறகு அது வண்டியின் அமைப்பிலேயே சேர்ந்திருந்தது. அதன்பின் தெருமுனை மெக்கானிக்கின் கைக்குப் போனது. இன்று இந்த மூவரும் கொஞ்சங்கொஞ்சமாக விலகுவதால்தான் அது விலைக்கு வந்திருக்கிறது. வில்லாபுரத்தில் குடியிருக்கும் ஒருவர் இந்தச் சேவையை வாங்க வேண்டுமா என்ற கேள்விக்கு விடை, அந்த மூன்றில் எது எது அவரை விட்டுப் போயிருக்கிறது என்பதில்தான் இருக்கிறது.

டி.வி. சுந்தரம் ஐயங்கார் மதுரையில் தம் நிறுவனத்தைத் தொடங்கியது 1911-இல். அடுத்த ஆண்டே தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே அவருடைய பஸ் ஓடியது. அன்றைய சாலை மாட்டுவண்டிகளுக்கானது. மாட்டுக் குளம்பிலிருந்து கழன்று விழுந்த லாட ஆணிகள் வழியெல்லாம் கிடக்கும். ரப்பர் டயர் அவற்றின் மேல் ஏறினால் பஞ்சர்தான். இதற்கு டி.வி.எஸ். கண்ட வழி, காந்தம் பொருத்திய வண்டி ஒன்றைச் சாலையில் ஓட்டி ஆணிகளைப் பொறுக்கியெடுப்பது. ஒரு பழைய நிறுவனத்தின் பெருமைக் கதையாக இது திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. எனக்கு இதில் பெருமையைவிடக் கணக்குதான் தெரிகிறது. பஸ் நின்றால் டிக்கெட் வருமானம் நிற்கும், நேரம் தவறினால் பயணிகள் வேறு பஸ்ஸுக்குப் போவார்கள், டயருக்கான செலவும் முதலாளியின் கையிலிருந்தே போகும். நஷ்டப்படுகிறவரும் பழுதுபார்க்கிறவரும் ஒரே ஆளாக இருந்தபடியால், பஞ்சரை ஒட்டுவதைவிட அது ஆகாமல் பார்த்துக்கொள்வதில் பணம் போடுவது அவருக்கு லாபமாக இருந்தது. இரண்டாம் உலகப்போரில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, கரியிலிருந்து வரும் வாயுவில் பஸ் ஓட்டும் கலனை டி.வி.எஸ். தானே செய்துகொண்டதும் இதே கணக்குத்தான்.

இந்தக் குழுமத்திடம் மோட்டார் இன்சூரன்ஸ் நிறுவனமும் இருந்தது: மெட்ராஸ் மோட்டார் அண்டு ஜெனரல் இன்சூரன்ஸ். 1954-இல் சுந்தரம் ஃபைனான்ஸ் பிறந்தது அதன் துணை நிறுவனமாகத்தான். பஸ், பட்டறை, இன்சூரன்ஸ் மூன்றும் ஒரே குழுமத்துக்குள் இருந்தும் பழுது பட்டறையின் வேலையாகவே இருந்தது. விபத்தும் தீயும் திருட்டும் இன்சூரன்ஸின் கணக்கில் இருந்தன. இது தற்செயல் அல்ல. எப்போதாவது நடக்கும், நடந்தால் ஆளையே சாய்த்துவிடும் நஷ்டத்தைப் பலர் சேர்ந்து பகிர்ந்துகொள்வதற்கு ஏற்பட்டது இன்சூரன்ஸ். பஞ்சரும் பிளக் அடைப்பும் அப்படியல்ல. அவை எல்லோருக்கும் நடக்கும், அடிக்கடி நடக்கும், சிறுதொகையில் முடியும். 1972-இல் டி.வி.எஸ்.ஸின் பஸ்கள் நாட்டுடைமையாகி பாண்டியன் போக்குவரத்துக் கழகம் உருவானது; மறு ஆண்டு பொது இன்சூரன்ஸும் அரசு வசமானது. பஸ் பழுது டெப்போ மெக்கானிக்கின் பொறுப்பானது. டிக்கெட் எடுத்த பயணி அப்போதும் அதைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

யோசிக்க வேண்டிய நிலை இருசக்கர வண்டியோடு வந்தது. வண்டி சொந்தமானதும் பழுதும் சொந்தமானது. ஆனால் அந்தத் தலைமுறை வண்டிகளைச் செய்தவர்கள் இதை அறிந்தே செய்தார்கள். பஜாஜ் சேத்தக் ஸ்கூட்டரில் ஸ்டெப்னி உண்டு. ஸ்பேனர் ஒன்று இருந்தால் சாலையோரத்திலேயே சக்கரத்தை மாற்றிவிடலாம். பெட்ரோல் தீரும் நேரத்தில் ‘ரிசர்வ்’ பக்கம் திருப்புவதற்கு ஒரு குழாய்த் திருகி. அதுவும் தீர்ந்தால் வண்டியைச் சாய்த்து மிச்சத் துளிகளை இறக்கும் வித்தையை ஸ்கூட்டர் ஓட்டிய எல்லோரும் அறிந்திருந்தார்கள். புல்லட்டின் பக்கவாட்டுப் பெட்டியில் கருவிகள் இருக்கும். பிளக்கைக் கழற்றி உப்புத்தாளில் தேய்த்து மாட்டுவதற்கு யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. 1980-இல் ஓசூரிலிருந்து வந்த டி.வி.எஸ். 50 இன்னும் ஒரு படி மேலே போனது. இருவர் உட்காரக்கூடிய அந்த மொபெட்டில் பெடல் இருந்தது. மிதித்துத்தான் கிளப்ப வேண்டும், எஞ்சின் மறுத்தால் மிதித்தே வீடு போய்ச் சேரலாம். இதெல்லாம் பழைய வண்டியின் குறை என்றே இன்று நினைக்கப்படுகிறது. உண்மையில் நடுவழி உதவி வண்டியின் விலைக்குள்ளேயே அடங்கியிருந்தது.

வண்டியால் முடியாததற்குத் தெரு இருந்தது. வில்லாபுரம், ஜெய்ஹிந்த்புரம், அவனியாபுரம் பக்கத்துத் தெருக்களில் டயரைத் தொங்கவிட்ட பஞ்சர் கடையும் எண்ணெய்க் கறை படிந்த ஒர்க்‌ஷாப்பும் கண்ணில் படாமல் வெகுதூரம் போக முடியாது. போனால் மெக்கானிக் வருவார். வர முடியாவிட்டால் பையனை அனுப்புவார். அதற்கும் முன், பின்னால் வந்த முகம் தெரியாத ஆள், நின்ற வண்டியின் ஃபுட்ரெஸ்ட்டில் காலைக் கொடுத்து ஒர்க்‌ஷாப் வரை தள்ளிக்கொண்டு வந்துவிடுவார். காசு கேட்க மாட்டார், பெயரும் சொல்ல மாட்டார். 2005-இல் டாட்டா ஏஸ் வந்தபிறகு, நம்மூரார் ‘குட்டி யானை’ என்று பெயர் சூட்டிய அந்த வண்டி, நகராத பைக்கை ஏற்றிப் போகவும் பயன்பட்டது. இந்த ஏற்பாடு எதற்கும் ஒப்பந்தம் கிடையாது, ஆனால் வேலை நடந்தது.

அந்தக் காலத்தை நினைத்து உருகுகிறவர்களோடு எனக்கு ஒரு கருத்து வேறுபாடு உண்டு. அந்த உதவி மலிவாக இருந்ததற்கு ஒரு காரணம், அனுப்பப்பட்ட அந்தப் பையன். பள்ளியில் இருக்க வேண்டிய வயதில், தொழில் கற்கிறான் என்ற பெயரில், கூலி என்று சொல்லத்தக்க எதுவும் இல்லாமல் ஸ்பேனர் எடுத்துக்கொடுத்தவன் அவன். 1986-ஆம் ஆண்டு குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் தடைப் பட்டியலில் மோட்டார் ஒர்க்‌ஷாப்புகளும் பிற்பாடு சேர்ந்தன, பையன்கள் பள்ளிக்குப் போனார்கள், போகத்தான் வேண்டும். ஆனால் அழைத்தால் ஓடிவரும் கையும் அவர்களோடு போய்விட்டது. காலால் தள்ளும் உதவியும் அப்படித்தான். ஓட்டுகிறவர் இருவருமே ஆணாக இருந்த, வண்டிகள் குறைவாக இருந்த சாலையின் வழக்கம் அது. கொஞ்சம் பிசகினால் இருவரும் விழுவார்கள். 2018 பிப்ரவரியில் தொடங்கிய அம்மா இருசக்கர வாகனத் திட்டம் வேலைக்குப் போகும் பெண்களுக்குப் பாதி விலையை, 25,000 ரூபாய் வரை, மானியமாகக் கொடுத்தது. இரவுப் பணி முடித்து ஸ்கூட்டரில் திரும்பும் செவிலியரிடம் ‘யாராவது வந்து தள்ளுவார்கள்’ என்று சொல்வது உதவியாகாது. வருகிறவர் யார், எந்த நிறுவனம் அனுப்பியது, எத்தனை மணிக்கு அழைப்பு பதிவானது என்ற விவரம் இருப்பதே அவருக்குப் பாதி உதவி.

இன்னொரு கேள்வியும் இங்கே எழ வேண்டும். வண்டியோட்டிகள் தாங்களே சேர்ந்து இந்த உதவியை நடத்தியிருக்க முடியாதா? முடிந்த இடங்கள் உண்டு. ஜெர்மனியில் 1903-இல் ஸ்டுட்கார்ட் நகரில் மோட்டார் சைக்கிள்காரர்கள் ஒரு சங்கம் அமைத்தார்கள். 1911-இல் அது ஏ.டி.ஏ.சி. என்று பெயர் மாறி, 1954-இல் மஞ்சள் வண்டிகளில் சாலை ரோந்தைத் தொடங்கி, இன்று இரண்டு கோடிக்கும் மேற்பட்ட உறுப்பினர்களோடு இருக்கிறது. 1905-இல் லண்டனில் தொடங்கிய ஆட்டோமொபைல் அசோசியேஷன், போலீஸ் வேகப்பொறி வைத்திருக்கும் இடத்தை உறுப்பினர்களுக்கு முன்கூட்டியே சொல்வதற்கு சைக்கிள் ஆட்களை நிறுத்தியது. பழுதுபார்ப்பது பிறகு சேர்ந்தது. நம் நாட்டில் பம்பாயிலும் சென்னையிலும் ஏற்பட்ட மோட்டார் சங்கங்கள் கார் வைத்திருந்தவர்களுக்கானவை. இருசக்கர வண்டி லட்சக்கணக்கில் பெருகியபோது அதன் உடைமையாளர்களுக்கென்று அப்படி ஒரு சங்கம் இங்கே வேர்பிடிக்கவில்லை. தெரு மெக்கானிக் மலிவாகக் கிடைத்ததால் அதற்குத் தேவை எழவில்லை என்றே நான் நினைக்கிறேன். அதன் விளைவு, மெக்கானிக் விலகும் நேரத்தில் அந்த இடத்துக்கு வந்தது நாம் நடத்தும் சங்கம் அல்ல, நமக்கு விற்கும் கம்பெனி. மதுரைக்கு இதில் ஒரு வினோதமும் இருக்கிறது: அந்த விற்பனையில் முன்னால் நிற்பவற்றுள் ஒன்றான ‘மைடிவிஎஸ்’, பழைய பஸ் முதலாளியின் குழுமத்திலிருந்து கிளைத்ததுதான். ஒருகாலத்தில் தன் பஸ்ஸுக்காகத் தானே செய்துகொண்ட வேலை இப்போது மற்றவர்களுக்கு விற்கும் சரக்காகிவிட்டது.

இனி, ‘என்னிடம் ஃபுல் கவர் இன்சூரன்ஸ் இருக்கிறதே’ என்பவருக்கு. இந்தியாவில் மோட்டார் இன்சூரன்ஸைக் கட்டாயமாக்கியது 1939-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம். அந்தக் கட்டாயம் நடைமுறைக்கு வந்தது 1946 ஜூலையில். கட்டாயம் என்பது மூன்றாம் நபருக்கு மட்டும். அதாவது நம் வண்டி மோதி அடிபடுகிறவருக்கு. இன்றுள்ள 1988-ஆம் ஆண்டு சட்டத்திலும் அடிப்படை அதுவே. சொந்த வண்டியின் சேதத்துக்கும் சேர்த்து எடுப்பதைத்தான் வழக்கில் ஃபுல் கவர் என்கிறோம். அதன் வாசகத்தை நிர்ணயித்த 2002-ஆம் ஆண்டு மோட்டார் கட்டண விதிகளில், வண்டியைப் பக்கத்து ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோகும் செலவுக்கு ஓர் இடம் உண்டு. இருசக்கர வண்டிக்கு அதன் உச்சவரம்பு 300 ரூபாய். காருக்கு 1,500. அந்த 300-ம் பாலிசி ஏற்கும் சேதத்தால் வண்டி நகர முடியாமல் போனால்தான். எந்திரப் பழுதும் மின்பழுதும் பாலிசிக்கு வெளியே என்று அதே காகிதம் தெளிவாகச் சொல்கிறது. வண்டிக்கு வேறு சேதம் இல்லாமல் டயர் மட்டும் போனால் அதற்கும் ஒன்றும் கிடையாது. ஆக, வண்டி நின்றுபோகும் வழக்கமான காரணங்களில் அநேகமாக எதுவும் ஃபுல் கவருக்குள் இல்லை. 2007 ஜனவரியில் கட்டணக் கட்டுப்பாடு தளர்ந்தபிறகு, ‘ஆட்-ஆன்’ என்ற பெயரில் ரோடுசைடு அசிஸ்டன்ஸைத் தனிக் கட்டணத்துக்குச் சேர்க்கும் வழி திறந்தது. தனியாகச் சேர்க்க வேண்டியிருக்கிறது என்பதே அது மூலப் பாலிசியில் இல்லை என்பதற்குச் சாட்சி.

இப்படியெல்லாம் இருந்தும் சில வருடம் முன்புவரை இதை வாங்காதவருக்குப் பெரிய நஷ்டம் எதுவும் இருக்கவில்லை. வண்டி மாறியதுதான் கணக்கை மாற்றியது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தது. பெரும்பாலான பைக்குகளில் கார்புரேட்டர் போய் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வந்தது. சென்சார் ஒன்று மக்கர் செய்தால் உப்புத்தாளும் ஸ்பேனரும் போதாது, ஸ்கேனர் வேண்டும். பல மாடல்களில் கிக்கர் கிடையாது, பேட்டரி செத்தால் வண்டியும் செத்தது. ஸ்டெப்னி போயிற்று. இதற்கு எதிராக டியூப்லெஸ் டயரை வைக்கலாம். ஆணி குத்தினாலும் காற்று மெல்லத்தான் இறங்கும், அடுத்த கடை வரை போய்விடலாம். இது நியாயமான வாதம். வெள்ளரிப்பட்டியில் இருசக்கர டயர் செய்யும் தொழிற்சாலையே இருக்கிற ஊர் நம்முடையது. டயரின் தரம் கூடியது பஞ்சர் தொல்லையைக் குறைத்திருக்கிறது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் பஞ்சர் குறைந்தது, மற்றப் பழுதுகளைத் தெருவில் தீர்க்கும் வழியும் குறைந்தது. முன்பு பத்துத் தடவை நின்று பத்துத் தடவையும் அங்கேயே கிளம்பிய வண்டி, இப்போது ஒருமுறை நின்றால் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். மின்சார ஸ்கூட்டரில் இது இன்னும் அப்பட்டம். சார்ஜ் தீர்ந்தால் பாட்டிலில் வாங்கி ஊற்ற முடியாது.

சாலையும் மாறியிருக்கிறது. வில்லாபுரத்திலிருந்து மண்டேலா நகர் போய்ச் சுற்றுச்சாலையைத் தொட்டால், ஒரு பக்கம் கப்பலூர், மறுபக்கம் விரகனூர். நேரே போனால் வலையங்குளம், எலியார்பத்தி, காரியாபட்டி தாண்டி அருப்புக்கோட்டை. தெருவுக்குத் தெரு மெக்கானிக் என்ற ஏற்பாடு இந்த அகலச் சாலைகளில் கிடையாது. சுங்கச்சாவடியில் கிரேன் இருக்கிறதே, 1033-க்குப் போன் செய்தால் தேசிய நெடுஞ்சாலை ஆணையம் ஆள் அனுப்புமே என்று கேட்கலாம். அழையுங்கள், அவசியம் அழையுங்கள். பைக்குக்குச் சுங்கம் இல்லையென்பதற்காக அந்த உதவி இல்லையென்று ஆகாது. அதன் நோக்கம் சாலையை மறிக்கும் வண்டியை அப்புறப்படுத்துவதும் அடிபட்டவரைக் காப்பாற்றுவதும். நின்ற வண்டியை உங்கள் ஒர்க்‌ஷாப் வாசலில் கொண்டுவந்து இறக்குவது அதன் வேலையல்ல.

ஆக, வாங்கலாமா என்றால், எல்லோரும் வாங்க வேண்டியதில்லை என்பதே என் தீர்ப்பு. கார்புரேட்டர் வைத்த பழைய நூறு சி.சி. பைக்கில் வில்லாபுரத்திலிருந்து பெரியார் நிலையம் வரை போய்வருகிறவருக்கு, தெரிந்த மெக்கானிக்கின் போன் நம்பரே போதும். அந்தச் சில நூறு ரூபாயை அவர் ஒழுங்கான சர்வீஸுக்குச் செலவிடலாம். இன்ஜெக்‌ஷன் வண்டியிலோ மின்சார ஸ்கூட்டரிலோ நகருக்கு வெளியே போகிறவர், இருட்டிய பிறகு திரும்புகிறவர் வாங்குவது நல்லது. வாங்கும்போது கேட்க வேண்டியது ‘என்னென்ன சேவை’ என்பதல்ல, அந்தப் பட்டியல் எல்லா நிறுவனத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். யார் வருவார், எதில் வருவார் என்று கேளுங்கள். கார் இழுக்கும் கொக்கி வண்டி பைக்குக்கு உதவாது. தட்டையான தளத்தில் நிற்கவைத்து, முன்சக்கரத்தை அசையாமல் பிடித்து, இருபுறமும் பட்டை போட்டுக் கட்டிக்கொண்டு போகிற வண்டி வேண்டும். இலவச தூரம் எத்தனை கிலோமீட்டர், அது எங்கிருந்து எண்ணப்படுகிறது, பக்கத்து ஒர்க்‌ஷாப் வரையா அல்லது நாம் சொல்லும் இடம் வரையா என்பது அடுத்தது. காரியாபட்டியில் நின்ற வண்டிக்கு இருபது கிலோமீட்டர் என்ற வரம்பு மதுரை வரை எட்டாது. விபத்துக்கு மட்டுமா பழுதுக்கும் உண்டா, சார்ஜ் தீர்ந்ததும் பழுதாகக் கொள்ளப்படுமா, வருடத்துக்கு எத்தனை அழைப்பு, வாங்கிய எத்தனை நாள் கழித்துச் சேவை தொடங்கும், வண்டிக்கு வயது வரம்பு உண்டா என்பவை பொடி எழுத்தில் இருக்கும். பெட்ரோலுக்கும் டியூபுக்கும் காசு பெரும்பாலும் நம்முடையது. கொண்டுவருவது மட்டும்தான் இலவசம்.

வண்டி செய்த கம்பெனி, இன்சூரன்ஸ் கம்பெனி, சேவை மட்டும் விற்கும் கம்பெனி என்று மூன்று இடத்தில் இது கிடைக்கிறது. மூவரும் கடைசியில் ஒரே உள்ளூர் வண்டிக்காரருக்குப் போன் போடுவதும் உண்டு என்பதால், விளம்பரத்தின் பளபளப்பை வைத்துத் தேர்வு செய்வதில் பொருளில்லை. வித்தியாசம் தெரிவது தகராறு வரும்போதுதான். பாலிசியோடு ஆட்-ஆனாக வாங்கியிருந்தால், நிறுவனத்தின் பதில் திருப்தி தராதபோது சென்னையிலுள்ள இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். தனிச் சேவையாக வாங்கியது இன்சூரன்ஸே அல்ல. அதற்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான் வழி. ஏற்கெனவே சொந்தச் சேதத்துக்கான பாலிசி எடுப்பவர் அதோடு ஆட்-ஆனைச் சேர்ப்பதே இதனால் சௌகரியம் என்பேன்.

ஒரு தேதியை மட்டும் கவனியுங்கள். 2018 செப்டம்பர் முதல் புதிய இருசக்கர வண்டிக்கு மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் ஐந்து வருடத்துக்குச் சேர்த்தே எடுக்கப்படுகிறது. சொந்தச் சேதத்துக்கான பகுதி வழக்கமாக முதல் வருடத்துக்கு மட்டும். ‘ஐந்து வருடம் இன்சூரன்ஸ் இருக்கிறது’ என்று நம்பி, இரண்டாம் வருடம் அந்தப் பகுதியைப் புதுப்பிக்காமல் விடுகிறவர்கள் பலர். 2019 செப்டம்பர் முதல் அதை மட்டும் தனியாக, விரும்பிய நிறுவனத்தில் எடுக்க முடியும். எடுக்காவிட்டால், அதோடு ஒட்டியிருந்த ரோடுசைடு அசிஸ்டன்ஸும் முதல் வருடத்தின் கடைசி நாள் நள்ளிரவோடு முடிந்துவிடுகிறது.